பழையபேட்டை மாடியறையில் ஆறு திங்கட்கிழமைகள்

2019 மே 13, திங்கட்கிழமை. காலை எட்டு மணி ஆகச் சற்று நேரம் இருந்தது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஒரு வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் ஒன்பது பேர் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒரு நகரம் எரிந்து சாம்பலாகிக் கிடந்தது. ஓர் அரியணைக்காகப் பல குடும்பங்கள் மோதும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் கடைசிப் பருவமான எட்டாம் பருவம், ஐந்தாம் பகுதி. கொஞ்ச நேரம் கழித்து எங்களில் ஒருவன் ஒரு வார்த்தை சொன்னான். இன்னொருவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். ஆறு வருடமாகச் சேர்ந்தே பார்த்த குழு அது. அன்றைக்குப் பிறகு அது பழைய குழுவாக இல்லை.

அந்தக் காலையைப் பற்றித்தான் இந்த ஆய்வு. நான் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் நடத்துகிறவன். அந்த ஒன்பது பேரில் நானும் ஒருவன், ஆகவே வெளியே நின்று பார்த்ததாகச் சொல்ல மாட்டேன். ஆறு வாரமும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். ஜூன் மாதம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே உட்கார்ந்து பேசினேன். வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்திகளை எல்லோருடைய சம்மதத்தோடும் மறுபடி படித்தேன். பெயர்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் தொழிலை வைத்தே குறிப்பிடுகிறேன்.

குழு உருவான விதம்

வீடு இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அண்ணனுடையது. 2013 ஜூனில் மூன்றாம் பருவத்தின் ஒன்பதாம் பகுதியை, யாரோ கொடுத்த பென் டிரைவில், அவரும் நானும் இன்னும் இருவரும் பார்த்தோம். கல்யாண விருந்தில் கதவைச் சாத்திவிட்டு விருந்தாளிகளை வெட்டிச் சாய்க்கும் பகுதி. விருந்துச் சோறு போட்ட வீட்டிலேயே கொலை. அன்று இரவு நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. லண்டன்பேட்டை வரை நடந்து, டீ குடித்து, திரும்ப நடந்து, விடியும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சுதான் குழு. தொடர் அதற்கு ஒரு சாக்கு என்றுகூட எனக்குப் பிற்பாடு தோன்றியதுண்டு.

அந்த இருவரையும் சேர்த்து, ஒவ்வொருவராகக் கூடிப் பிறகு ஒன்பது பேரானோம். ஒரு செவிலியர், ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கும் ஒரு தம்பி, அரசுப் பள்ளித் தமிழாசிரியர், ஒரு கல்லூரி மாணவன், பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் இருவர், வங்கியில் வேலை செய்யும் ஒருவர். கடைக்கார அண்ணனின் அம்மாவை நாங்கள் எல்லோரும் பெரியம்மா என்போம். அவர் பார்க்க வரமாட்டார், ஆனால் காபி அவர் கையால்தான் வரும்.

அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணி என்றால் நமக்குத் திங்கள் காலை ஆறரை. அப்போது ஹாட்ஸ்டார் செயலியில் அதே நேரத்துக்கு வந்துவிட்டது. 2019 ஏப்ரல் 15 முதல் மே 20 வரை ஆறு திங்கட்கிழமைகள். பெங்களூர்க்காரர்கள் இருவரும் வழக்கமாகத் திங்கள் விடிகாலை பஸ் பிடிப்பவர்கள். ஆறு வாரமும் அரைநாள் விடுப்பு போட்டார்கள். ஓசூர் தம்பி இரவு ஷிப்டு முடிந்து நேராக வருவான், சீருடையைக்கூட மாற்றாமல். தமிழாசிரியருக்கு முதல் வாரமே தேர்தல் பணி வந்தது. ஏப்ரல் 18 வாக்குப்பதிவுக்கு வாக்குச்சாவடியில் படுத்துக்கொண்டு முதல் பகுதியைப் பற்றி எங்களுக்கு நீண்ட செய்திகள் அனுப்பினார். அவருக்கு அது வேலைக்கு இடையூறு என்று படவில்லை. இரவு முழுக்க விழித்திருக்கத் துணை என்றார்.

ஒரே ஒரு விதி இருந்தது. முன்கூட்டிக் கதையைச் சொல்லிவிடுகிறவர், அதாவது ஸ்பாய்லர் விடுகிறவர், எல்லோருக்கும் கே.ஆர்.பி. அணையில் மீன் வறுவல் வாங்கித் தர வேண்டும். அந்த விதியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருட்டில் நடந்த போர்

ஏப்ரல் 29 அன்று வந்த மூன்றாம் பகுதி 82 நிமிடம். செத்தவர்களின் படையோடு நடக்கும் இரவுப் போர். வட அயர்லாந்தில் 55 இரவுகள் விழித்திருந்து எடுத்தது. எங்களிடம் இருந்தது ஒரு பழைய புரொஜெக்டரும் வெள்ளைச் சுவரும். சித்திரை மாதக் காலை, தகரக் கூரை, சுற்றிலும் ஜன்னல். முதல் பத்து நிமிடத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுவரின் விரிசல்தான்.

பெரியம்மாவின் ஜமக்காளம் இரண்டு, கடையில் கிடந்த தார்ப்பாய் ஒன்று, ஒரு பழைய போர்வை. ஜன்னலையெல்லாம் மூடினோம். காற்று நின்றது. வேர்த்து ஊற்றியது. அப்போதும் பாதிதான் தெரிந்தது. உலகம் முழுக்க இதே புகார் எழுந்தபோது ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், பார்க்கிறவர்கள் தங்கள் தொலைக்காட்சியைச் சரியாக அமைத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். எங்கள் அறையில் யாருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. படைப்பவனின் அறையில் தெரிவது பார்ப்பவனின் வீட்டில் தெரியவில்லை என்றால் பார்ப்பவன்தான் குற்றவாளியா?

ஆனாலும் அந்தக் காலைதான் ஆறிலும் எங்களுக்குப் பிடித்த காலை. தெரியாத இடத்தையெல்லாம் ஓசூர் தம்பி வாயால் நிரப்பினான். “இவன் அவன்தான், வலது பக்கம் பாருங்க, குதிரைக்காரங்க கையில இருந்த நெருப்பு ஒவ்வொண்ணா அணையுது பாருங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஸ்டார்க் குடும்பத்துப் பெண் ஆர்யா பாய்ந்து வந்து கத்தியைக் கை மாற்றிச் செத்தவர்களின் அரசனைக் குத்தியபோது, தூங்கிக்கொண்டிருந்த தெருவே கேட்கும்படி கத்தினோம். பெரியம்மா பதறிப் படியேறி வந்துவிட்டார். 7.52-க்கு முடிந்தது. தமிழாசிரியர் அப்படியே பள்ளிக்கு ஓடினார், அன்று 9.30-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு.

சாயங்காலமே சத்தம் அடங்கிச் சந்தேகம் வந்தது. ஏழு பருவமாக வளர்த்த பகை ஒரே இரவில், ஒரே குத்தில் தீர்ந்துவிட்டது. தொடரின் நாயகர்களில் ஒருவனான ஜான் ஸ்நோ அந்த எதிரியை நேருக்கு நேர் நின்று ஒரு வெட்டுக்கூட வெட்டவில்லை. “நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எதுக்கு இருந்துச்சு?” என்று வங்கிக்காரர் இரவு பத்து மணிக்கு எழுதினார். பதில் சொல்ல யாருக்கும் வரவில்லை.

நான்காம் பகுதியில் விரிசல் பெரிதானது. மேசைமேல் யாரோ மறந்து வைத்த காபிக் கோப்பை காட்சியில் தெரிந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசினார்கள். எங்களுக்கு அது பெரிய விஷயமாக இல்லை. வலித்தது வேறு. அரியணையைத் தேடி டிராகன் மேல் ஆகாயத்தில் பறந்து வரும் அரசி டெனேரிசுக்குக் கடலில் நிற்கும் கப்பற்படை தெரியவில்லை. அவளுடைய இரண்டாவது டிராகன் செத்து விழுகிறது. பகுதி முடிந்ததும் வந்த விளக்கத்தில், அந்தப் படை இருப்பதையே அவள் மறந்துவிட்டாள் என்று தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரே சொன்னார். செவிலியர் அக்கா அன்றைக்குக் கேட்டது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: “அவ மறந்துட்டாளா, இவங்க மறந்துட்டாங்களா?”

மே 13

டெனேரிஸ் எங்கள் குழுவில் செவிலியருக்குத்தான் சொந்தம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அவர் சொல்லும் காரணம் எளிமையானது. “அடிமையா வித்தாங்க, அவ திரும்பி வந்து அடிமைச் சங்கிலிய அறுத்தா. அதுக்கு மேல என்ன வேணும்?” இரவுப் பணியில் இருக்கும்போது உறக்கம் வராமல் இருக்க அந்தச் சங்கிலி அறுக்கும் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன் என்று ஒருமுறை சொன்னார்.

ஐந்தாம் பகுதியில் நகரம் சரணடைகிறது. மணிகள் ஒலிக்கின்றன. போர் முடிந்தது என்று நாமும் மூச்சு விடுகிறோம். டெனேரிஸ் டிராகன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். முகம் மாறுகிறது. அங்கிருந்து பறந்து, தெருத் தெருவாக, வீடு வீடாக, குழந்தையும் தாயுமாக எரிக்கிறாள்.

முடிந்ததும் முதலில் பேசியவன் ஓசூர் தம்பி. “நான் அப்பவே சொன்னேன்ல” என்று தொடங்கினான். அவன் வாதத்தில் சரக்கு இருந்தது. நான்காம் பருவத்தில் 163 எசமானர்களைக் கம்பத்தில் அறைந்தவள். ஏழாம் பருவத்தில் மண்டியிடாத அப்பனையும் மகனையும் நின்ற இடத்தில் எரித்தவள். இந்த முடிவுக்கு வித்து முன்பே விழுந்திருக்கிறது என்றான். செவிலியர் மறுத்தார். “அவ தண்டிச்சவங்க எல்லாம் ஏதோ ஒண்ணு செஞ்சவங்க, இல்ல எதிர்த்து நின்னவங்க. இன்னைக்கு ஓடினாளே ஒரு பொம்பள, பொண்ணக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. அவ என்ன செஞ்சா? அவளுக்காகத்தானே இவ கடல் தாண்டி வந்தா?”

இரண்டு பக்கமும் நியாயம் இருந்த நேரம் அது. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் குழு வழக்கமாகச் செய்வதைச் செய்திருக்கும்: காபி வந்திருக்கும், வாதம் படிக்கட்டுவரை நீண்டிருக்கும். தம்பி தூக்கமில்லாத கண்ணோடு, ஜெயித்துவிட வேண்டும் என்ற வேகத்தில், ஒரு வார்த்தையை விட்டான். “அதிகாரம் கைக்கு வந்தா பொம்பளைங்க இப்படித்தான்க்கா.”

அக்கா எழுந்தார். அவருக்கு எட்டரைக்குப் பணி. அது காரணம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் வெளியேறியதாக ஒரு வரி வந்தது.

ஜூனில் பேசும்போது அக்கா சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. தம்பியின் மேல் அவருக்குக் கோபம் குறைவு. “அவன் ஏதோ தூக்கக் கலக்கத்துல சொன்னான். ஆனா அண்ணா, அவன அப்படிச் சொல்ல வெச்சது அந்தக் கதை. ஏன் எரிச்சான்னு புரியிற மாதிரி காட்டியிருந்தா அவன் அதப் பேசியிருப்பான். காட்டல. காரணம் இல்லாத இடத்துல ஆளுக்கு ஆள் கையில இருக்கிற காரணத்த எடுத்து வெக்கறாங்க. அவன் கையில அது இருந்துச்சு.”

இந்த ஆய்வை எழுதத் தூண்டியது இந்தப் பேச்சுதான். திருப்பம் ஒன்று வரும்போது பார்வையாளர் ‘ஏன்’ என்று கேட்கிறார். முந்தைய பகுதிகளில் விடை இருந்தால் பின்னோக்கிப் போய்த் தேடி எடுத்துக்கொள்கிறார். 2011-இல் முதல் பருவத்தின் நாயகன் நெட் ஸ்டார்க்கின் தலை விழுந்தபோதும், 2013-இல் அந்தக் கல்யாண விருந்திலும் எங்களால் அதைச் செய்ய முடிந்தது. நெட்டின் மகன் ராப் கொடுத்த வாக்கை மீறி வேறு பெண்ணைக் கட்டினான். அவமானப்பட்ட கிழவன் சிரித்துக்கொண்டே காத்திருந்தான். பணக்காரக் குடும்பம் ஒன்று பின்னாலிருந்து கடிதம் எழுதியது. எல்லாம் முன்பே எங்கள் கண்ணெதிரில் நடந்ததுதான். லண்டன்பேட்டைவரை நடந்த அந்த இரவு முழுக்க நாங்கள் செய்தது, வந்த வழியை ஒவ்வொரு கல்லாகத் திரும்பத் தொட்டுப் பார்த்ததுதான். எட்டாம் பருவத்தில் தொட்டுப் பார்க்கக் கல் போதவில்லை. கல் இல்லாத இடத்தில் மனிதர்கள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டார்கள்.

பர்கூர்ப் பக்கத்துப் படுகளம்

பெரியம்மா பிறந்த ஊர் பர்கூர்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே அந்த மாதம் பாரதம் நடந்துகொண்டிருந்தது. பதினெட்டு நாள். மத்தியானம் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துக் கதை சொல்வார்; கடைசிப் பத்து இரவு கூத்து. மே 19 ஞாயிறு காலை துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. எங்கள் தொடரின் இறுதிப் பகுதிக்கு முந்தைய நாள். பெரியம்மா எல்லோரையும் அழைத்தார். செவிலியர் அக்காவை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். அக்கா, தமிழாசிரியர், கல்லூரி மாணவன், நான், கடைக்கார அண்ணன் போனோம். ஓசூர் தம்பிக்கு ஷிப்டு.

சனி இரவு பதினெட்டாம் போர்க் கூத்து. நான் சின்ன வயதில் பார்த்ததுதான், ஆனால் மனது முழுக்கத் தொடரை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தது அன்றுதான். முதலில் கண்ணில் பட்டது, அங்கே ஸ்பாய்லர் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரவு யார் சாகப்போகிறார் என்று மத்தியானமே பிரசங்கியார் ஒலிபெருக்கியில் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். சாகப்போகிறவனைப் பார்க்கத்தான் கூட்டம் பாயோடு வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டாவது, கட்டியங்காரன். நமக்குச் சந்தேகம் வரும் இடத்தில் அவன் வந்து நிற்கிறான். “ராசாவே, இத்தனை பேர் செத்தாச்சே, இன்னும் எதுக்கு?” என்று நம் வாயில் இருப்பதை ராசாவிடமே கேட்டுவிடுகிறான். ராசா பதில் சொல்லியே தீர வேண்டும். மூன்றாம் பகுதியின் இருட்டில் ஓசூர் தம்பி எங்களுக்குச் செய்தது இந்த வேலைதான் என்று அப்போது உறைத்தது. தொடருக்குள் அப்படி ஓர் ஆள் இல்லாததால் மாடியறையில் எங்களுக்குள்ளிருந்தே ஒருவன் எழ வேண்டியிருந்தது. மே 13 அன்று அந்தக் கட்டியங்காரன் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

விடிந்ததும் களத்துக்குப் போனோம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். முறுக்கிய மீசை, விரிந்த கண், வண்ணம் பூசிய கவசம். ஒரு தென்னை மரம் நீளம் இருக்கும். வேடம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடலைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள், கூட்டம் பின்னாலேயே ஓடியது. இரவு முழுக்க ஆடிய கால்கள். கடைசியில் தொடையில் அடி விழுந்து சிவப்பு வழிந்தபோது, இத்தனை நாள் அவனைத் திட்டிய பெண்களே அழுதார்கள். பாவனை அழுகை இல்லை. ஒப்பாரி எடுத்துப் பாடினார்கள். திரௌபதிக்கு அந்தச் சிவப்பைத் தலையில் தடவி, முடிந்து, பூ வைத்தார்கள்.

பக்கத்தில் நின்ற பெரியம்மா அக்காவிடம் சொன்னார்: “துகில் ஆட்டத்தன்னைக்கு அவுத்து விட்ட முடிம்மா. அன்னையிலிருந்து ராத்திரி ராத்திரி பாத்துக்கிட்டே இருந்தோமில்ல. வனவாசம் போறப்பவும் அவுந்த முடி, தூது போறப்பவும் அவுந்த முடி. இன்னைக்குத்தான் முடியறா.”

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “டெனேரிசுக்கும் முடிதான் அண்ணா” என்றார். எனக்கு உடனே புரியவில்லை. விளக்கினார். டெனேரிசின் குதிரைப்படையான டோத்ராக்கி வீரர்களுக்குப் பின்னல்தான் வெற்றியின் கணக்கு. தோற்றவன் பின்னலை அறுத்துக்கொள்வான் என்று முதல் பருவத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். தோழி மிசாண்டே கொல்லப்பட்ட பிறகு ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தில் டெனேரிஸ் பின்னல் கலைந்து, சாப்பிடாமல், வெளிறி உட்கார்ந்திருப்பாள். “அந்த ஒரு காட்சி வெச்சாங்க. அழகா வெச்சாங்க. ஆனா அதுக்கு ரெண்டு நிமிஷம். இங்க ஒரு முடிய முடியறதுக்குப் பதினெட்டு நாள் குடுத்திருக்காங்க.”

கலைந்து போகும்போது கூட்டம் அந்த மண் உடலிலிருந்து ஆளுக்கொரு பிடி எடுத்துக்கொண்டது. நெல் குதிரில் போட்டால் விளைச்சல் குறையாது என்பார்கள். அக்கா ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தமிழாசிரியர் வேறொரு நூலை இழுத்தார். பக்கத்துத் தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் சேரனுக்கும் நடந்த போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற பழைய தொகுப்பிலும் பழைய உரைகளிலுமாகச் சில பாடல்கள்தான் மிஞ்சின. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான் என்பது பதிற்றுப்பத்தால் தெரியும்; அஞ்சி மாண்ட துயரம் ஔவையார் புறநானூற்றில் அழுததால் தெரியும். “முடிவு கையில இருக்கு சார், போன பாதை தொலைஞ்சு போச்சு. மார்ட்டின் கதை இதுக்குத் தலைகீழ். அஞ்சு புத்தகத்துல பாதை போட்டுட்டார், முடிவு இன்னும் வரல.” ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முதல் புத்தகம் 1996-இல் வந்தது, ஐந்தாவது 2011-இல், தொடர் தொடங்கிய அதே வருடம். ஆறாம் பருவத்துக்குள் தொடர் புத்தகங்களைத் தாண்டிவிட்டது. முதல் ஆறு பருவமும் பத்துப் பத்துப் பகுதி, ஏழாவது ஏழு, எட்டாவது ஆறு. ஆக 73. பாதை போட்டவர் நின்றுவிட்ட இடத்துக்கு அப்பால் நடையைக் குறைத்து ஓட்டமாக்கிவிட்டார்கள் என்று ஆசிரியர் சொன்னார். எட்டாம் பருவத்தின் கோளாற்றுக்கு நான் கேட்டவற்றில் இதுதான் நேரான விளக்கம். கதை தீர்ந்ததால் அவசரம் வரவில்லை. முடிவு மட்டும் முன்கூட்டியே தெரிந்து, அங்கே போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இருந்ததால் வந்தது.

இறுதிப் பகுதி, மே 20

எட்டுப் பேர் ஆறரைக்கு முன்பே வந்துவிட்டார்கள். அக்கா வருவாரா என்று தெரியவில்லை. தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து வந்து, கதவோரம் படியிலேயே உட்கார்ந்தார். ஓசூர் தம்பி எழுந்து தன் நாற்காலியைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டுவிட்டு, தான் தரையில் வந்து உட்கார்ந்தான். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஆனால் அதைத் தள்ளிவிடவும் இல்லை.

எண்பது நிமிடம். ஜான் டெனேரிசைக் குத்துகிறான். டிராகன் வந்து, மூக்கால் தள்ளித் தாயை எழுப்பிப் பார்க்கிறது. எழவில்லை. அது ஜானை எரிக்காமல் சிம்மாசனத்தை எரித்து உருக்குகிறது. அந்த இடத்தில் மட்டும் அறை முழுக்க ஒரே மூச்சாக இருந்தது. எட்டுப் பருவமாக எல்லோரையும் கொன்ற நாற்காலி குழம்பாகி ஓடியது. அது கூத்துக்கு உரிய காட்சி. முதல் பகுதியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பொருள், கடைசியில் தன் முடிவை அடைகிறது. மண் துரியோதனன் மாதிரி. நெட்டின் இன்னொரு மகன் பிரான் அரசனானபோது வங்கிக்காரர், “யாரு, அந்தத் தம்பியா?” என்றார். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. கோபம்கூட வரவில்லை.

அன்று மத்தியானம் எங்களில் மூன்று பேர், எட்டாம் பருவத்தை வேறு எழுத்தாளர்களைக் கொண்டு திரும்ப எடுக்கக் கோரும் இணைய மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். உலகம் முழுக்கப் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். அதே இறுதிப் பகுதியை அமெரிக்காவில் அன்று ஒரு கோடியே 93 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே பருவம் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மிக்கு 32 பரிந்துரைகளும், சிறந்த நாடகத் தொடர் உட்பட 12 விருதுகளும் பெற்றது. நான் கையெழுத்துப் போடவில்லை. 55 இரவு குளிரில் நின்றவர்களின் உழைப்பை அழித்து எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூத்து பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் வேறு ஜமாவைக் கூப்பிடுவார்கள். ஆடி முடித்த ஆட்டத்தை அழிக்கச் சொல்வதில்லை. ஆனால் போட்டவர்களின் மனக்குறை உண்மையானது. ஆறு வருடம் காலையும் தூக்கமும் கொடுத்தவர்கள் அவர்கள். “இது வெறும் தொடர்தானே” என்று அவர்களிடம் சொன்ன உறவினர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

கல்லூரி மாணவன் சொன்னது

ஜூன் மாதம் கே.ஆர்.பி. அணையில் உட்கார்ந்திருந்தபோது மாணவன் ஒரு பொட்டலம் மீன் வறுவலை வாங்கி வந்து என்முன் வைத்தான். “அபராதம் அண்ணா” என்றான். நான்காம் பகுதி வருவதற்கு முன்பே இணையத்தில் கசிந்த கதையைப் படித்துவிட்டிருக்கிறான். நகரம் எரியும் என்றும், ஜான் குத்துவான் என்றும், யார் அரசன் என்றும் அவனுக்குத் தெரியும். மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. யாருக்கும் சொல்லாததால் விதிப்படி அபராதம் இல்லை என்றேன். அவனுக்கு மனது கேட்கவில்லை.

தெரிந்துகொண்டு பார்த்தது எப்படி இருந்தது என்று கேட்டேன். அவன் யோசித்து யோசித்துச் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். “படிச்சப்போ நம்பல அண்ணா. ரெண்டு வரிதான் இருந்துச்சு, இத எடுத்துக் காட்டும்போது வேற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். அங்க போய்ச் சேர்ற வழியில ஏதாவது இருக்கும்ல. ஆனா அந்த ரெண்டு வரியும், ஒண்ணரை மணி நேரம் பாத்ததும் எனக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு. படுகளத்துல அப்படி இல்ல. துரியோதனன் சாவான்னு எனக்குச் சின்ன வயசுலேயே தெரியும். அன்னைக்கு அடி விழுந்தப்போ என் தொடை துடிச்சுது.”

ஒரே மாதத்தில், ஒரே ஆள், முடிவு தெரிந்த இரண்டு கதைகளைப் பார்த்திருக்கிறான். ஒன்று உடம்பில் இறங்கியது. இன்னொன்று தாளில் இருந்ததைவிட ஒரு சுற்றுக்கூடப் பெரிதாகவில்லை. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த வலுவான சான்று இது. ஸ்பாய்லர்தான் ரசிகனின் எதிரி என்று நாங்கள் விதி போட்டு வைத்திருந்தோம். மாணவனின் அனுபவத்துக்குப் பிறகு என்னால் அதை நம்ப முடியவில்லை. தெரிந்துவிட்டால் கெட்டுப்போகும் கதையில், தெரிவதற்கு மேல் எதுவும் வைத்திருக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழாசிரியரே என்னிடம் கேட்டார்: பாரதத்தை நாம் கேட்டு வளர்ந்தோம், தாத்தா பாட்டி அழுததைப் பார்த்தே அழக் கற்றோம், அந்தத் தொடருக்கு எட்டு வருடம்தானே வயது, இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியா? சரியில்லைதான். ஒன்பது பேரை வைத்து உலகத்து ரசிகர்களைப் பற்றி நான் முடிவு சொல்லவும் முடியாது. எங்கள் அறையில் நடந்தது எங்கள் அறையில் நடந்ததுதான். ஆனால் அதே தொடர் இன்னும் வயது குறைவாக இருந்த முதல் ஆறு பருவங்களிலேயே அந்த உடம்பு நடுக்கத்தைக் கொடுத்தது. எட்டாவதில் மட்டும் தவறியதற்குக் கதையின் வயது காரணமாக முடியாது.

பிறகு

ஓசூர் தம்பி அக்காவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்து நிப்பட்டு ஒரு பையோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறான். “அக்கா, அன்னைக்கு நான் பேசினது கதையப் பத்தியே இல்லக்கா” என்றானாம். அக்கா, “தெரியும்டா” என்று சொல்லி உள்ளே கூப்பிட்டிருக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் அவர் திரும்பச் சேரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சில மாதத்தில் அந்தக் குழுவில் காலை வணக்கம் தவிர வேறு எதுவும் வராமல் போயிற்று.

2022 ஆகஸ்ட் 22 திங்கட்கிழமை அதே ஆறரை மணிக்கு, அதே உலகத்தின் முன்கதையான ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடங்கியது. மாடியறைக்கு நான்கு பேர் வந்தோம். பெங்களூர்க்காரர்கள் இருவரும் பெங்களூரிலேயே தங்கிவிட்டார்கள், வங்கிக்காரருக்கு மாற்றல், மாணவன் வேலை தேடிச் சென்னை போய்விட்டான். தமிழாசிரியருக்குப் பள்ளி. அக்கா வந்தார். தம்பியும் வந்தான். தகரக் கூரைக்குப் பதில் இப்போது கான்கிரீட் தளம், சுவரில் பெரிய தொலைக்காட்சி, ஜமக்காளம் தேவைப்படவில்லை.

போன மாதம் அக்காவிடம், எட்டாம் பருவத்தை மறுபடி பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து பார்க்கிறாராம், இரவுப் பணி இருக்கும் வாரங்களில், ஒரு நாளைக்கு ஒரு பகுதி. ஆறாம் பருவத்தின் கடைசிப் பகுதியில் டெனேரிஸ் கப்பலேறுகிறாள். கடல் நிறையப் பாய்மரம், தலைக்குமேல் மூன்று டிராகன்.

“அங்கேயே நிறுத்திடுவேன் அண்ணா” என்றார். “கப்பல் கிளம்பியாச்சு. மிசாண்டே பக்கத்துல இருக்கா. மூணு குட்டியும் மேல பறக்குது.”